அருள்தாஸின் இடது கை

ஷூ நாடாவைக் கட்டி முடித்த பிறகும் அருள்தாஸ் எழுந்துவிட மாட்டார். ஷூவுக்குள் பெருவிரல்களைத் தூக்கி இறக்கிப் பார்ப்பார். முழங்கால்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். பிறகு எழுந்து, நடைபாதையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் "கிளியர்" என்பார். அதற்குப் பிறகுதான் முதல் அடி. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்களுக்கு இது பழகிப்போய்விட்டது. புதிதாக வருகிறவர்கள்தான், யாரிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர் மின்சார ரயில் ஓட்டுகிறவர். மோட்டார்மேன். அண்ணனூரில், ரயில்கள் வந்து தங்கும் ஷெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. வயது ஐம்பதை நெருங்குகிறது. அகலமான கறுத்த முகம், ஒட்ட வெட்டிய மீசை. பேசும்போது நம் முகத்தைப் பார்ப்பதில்லை. நம் தோளுக்கு மேலே தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்ப்பார். நானும் ஒன்றிரண்டு முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒன்றும் இருக்காது. வருடக்கணக்காகத் தண்டவாளத்தின் கோடியையே பார்த்த கண் அப்படித்தான் நிற்கும் என்பது அவர் மனைவி ஞானகுமாரியின் விளக்கம். "பக்கத்துல கீற உப்பு டப்பா தெரியாது இவருக்கு. மொட்டை மாடில நின்னா வில்லிவாக்கம் தெரியும்."

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "நீ பட்டரவாக்கத்துல குந்திகினு கீறே பாப்பா" என்பதுதான். நான் ஏரிக்கரையில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு புரிந்தது. கரையோரப் பெஞ்சுகளுக்கெல்லாம் அவர் தன் தடத்தின் நிலையங்களைப் பெயராக வைத்திருக்கிறார். நுழைவாயிலில் இருப்பது ஆவடி. அடுத்தது அண்ணனூர். நிழல் அதிகம் உள்ளது திருமுல்லைவாயல். கால் உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருப்பது கொரட்டூர். "இன்னிக்கு உடம்பு சரியில்ல, அம்பத்தூரோட திரும்பிட்டேன்" என்றால் ஐந்தாவது பெஞ்சுக்குப் போகவில்லை என்று பொருள். ஒவ்வொரு பெஞ்சும் நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, தாண்டியதும் கூட்டுவார். ஓட்டத்துக்கு இது நல்லதா என்று கேட்டேன். "ஸ்டேஷன்ல அடிச்சிகினு போகக் கூடாதும்மா" என்றார்.

அவருக்குப் பின்னால் நாலு அடி விட்டு எப்போதும் ஒருவர் ஓடி வருவார். கிருபாகரன், ரயில் கார்டு. அருள்தாஸ் ஓட்டும் வண்டியின் கடைசிப் பெட்டியில் பெரும்பாலும் இவர்தான் இருப்பார். வண்டியில் இருவருக்கும் நடுவே அத்தனை பெட்டிகள்; மணி அடித்துத்தான் பேசிக்கொள்வார்கள். ஏரிக்கரையில் அந்தக் கடனையெல்லாம் தீர்ப்பதுபோல் கிருபாகரன் பேசிக்கொண்டே வருவார். முன்னால் போகச் சொன்னால் மாட்டார். "நம்ம எடம் பின்னாடிதான் மாமே. நீ போ, நான் கொடி காட்டறேன்."

அருள்தாஸ் ஓடத் தொடங்கியதற்குக் காரணம் மெடிக்கல். ரயில் ஓட்டுகிறவர்களுக்கு வயதைப் பொறுத்து இத்தனை வருடத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை உண்டு. கண், காது, ரத்தம், இதயம். எதிலாவது சறுக்கினால் வேலை போகாது. ஓட்டுகிற இருக்கை போய்விடும். வேறு எங்காவது ஒரு மேசையில் உட்கார வைப்பார்கள். பரந்தாமன் என்ற நண்பருக்குக் கண்ணில் அப்படி ஆயிற்று. இப்போது நடைமேடையை ஒட்டிய பார்சல் அலுவலகத்தில் இருக்கிறார். ஒவ்வொரு வண்டி உள்ளே வரும்போதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாராம். அந்த நடைமேடையில் வண்டியை நிறுத்தும்போது அருள்தாஸ் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். போன மெடிக்கலில் டாக்டர் அவருடைய தொப்பையைப் பார்த்து, "சார், இது தனி டிக்கெட் எடுக்கணுமே" என்றாராம். அடுத்த வாரமே ஷூ வாங்கிவிட்டார்.

அவர் ஓடும் நேரம் டியூட்டி முடிகிற நேரம். ஒரு நாள் விடியலில், ஒரு நாள் வெயில் சாய்கையில், சில நாள் உச்சி வெயிலில் தலையில் ஈரத்துண்டுடன். ஏரியில் கொக்குகள் நிழல் தேடி ஒடுங்கியிருக்கும்போது இவர் மட்டும் தனியாகத் திருமுல்லைவாயலைத் தாண்டிக்கொண்டிருப்பார்.

இப்படியே எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, மகள் ஜெனிஷா வாட்ச் வாங்கித் தரும் வரை. ஜெனிஷா என்னோடு படித்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கும் வாட்ச் அது. அந்த வெளிச்சம் தோலுக்குள் போய், ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்து, நிமிடத்துக்கு இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று சொல்லும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் போனில் வரும் வரைபடத்தை அவளுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். "பச்சை லைட்டு எரியுது, அப்ப கிளியர்தான்" என்று கையில் கட்டிக்கொண்டார்.

முதல் நாளே, அம்பத்தூர் பெஞ்சைத் தாண்டும்போது வாட்ச் நூற்று எழுபத்தாறு காட்டியது.

அதன் பொருள் அவருக்கு அப்போது தெரியாது. அன்று மாலை ஜெனிஷா சொன்னாள். இருநூற்று இருபதிலிருந்து வயதைக் கழித்தால் வருவது, தோராயமாக, ஒரு இதயம் உச்சத்தில் அடிக்கக்கூடிய அளவு. அவருக்கு அது நூற்று எழுபதைச் சுற்றி. அந்த அளவைத் தொட்டவருக்கு மூச்சு வாங்கும், ஒரு வார்த்தைக்கு மேல் பேச வராது. அருள்தாஸோ அந்த நேரத்தில் கிருபாகரனிடம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புதுப் பாதிரியார் செய்த பிரசங்கம் எவ்வளவு நீளம் என்பதைப் பிரசங்கத்தைவிட நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லை நூத்தி எழுபதாம். நான் எல்லையத் தாண்டி நின்னு கதை பேசிகினு கீறேன்" என்றார் மறுநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுவதும் அவருடைய பார்வை தூரத்துப் புள்ளியில் இல்லை, மணிக்கட்டில் இருந்தது. மெடிக்கலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நெஞ்சில் கோளாறு என்று ஒரு வரி எழுதினால் போதும், பரந்தாமனுக்கு எதிர் மேசை.

பயந்தவர் படுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பழுது பார்க்கத் தொடங்கினார்.

"வண்டி நின்னா எடுத்தவுடனே மோட்டாரைத் திட்டக் கூடாது. மொதல்ல மீட்டரைப் பாரு, அப்புறம் ஒயரைப் பாரு, கடைசியாத்தான் மோட்டாரு." இதுதான் அவர் முறை. முதலில் பட்டையை ஒரு துளை இறுக்கிப் பார்த்தார். எண் இறங்கவில்லை. மணிக்கட்டில் இருந்த முடியை மழித்துப் பார்த்தார். ஒரு கை மட்டும் மழுமழுவென்று இருப்பதைப் பார்த்து ஞானகுமாரி, "கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ ஷேவ் பண்ணல" என்றார். வாட்ச் சில சமயம் இதயத்துக்குப் பதிலாகக் கால் எட்டுகளை எண்ணிவிடும் என்று ஜெனிஷா எங்கோ படித்துச் சொன்னாள். ஓட்டத்தின் அதிர்வும் ரத்தத்தின் அதிர்வும் கலந்துபோனால் அதற்கு எது எதுவென்று தெரியாதாம். கிருபாகரன் பின்னால் ஓடியபடியே எட்டுகளை எண்ணினார். நடுவில் ஒரு நாய் குரைத்ததால் விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

தண்ணீரும் பேச்சுக்கு வந்தது. ஓட்டுகிறவர் அறையில் கழிப்பறை கிடையாது. அதனால் டியூட்டி நாளில் அவர் தண்ணீரை வாயை நனைக்க மட்டுமே குடிப்பார். இத்தனை வருடப் பழக்கம். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தம் கெட்டிப்பட்டு, இதயம் கூடுதலாகத் துடிக்கத்தான் செய்யும். வெயில் சேர்ந்தால் இன்னும் கூடும். ஓடும் முன் ஒரு சொம்பு குடித்துப் பார்த்தார். ஓட்டம் சுகமாக இருந்தது. எண் கொஞ்சம்தான் இறங்கியது.

அடுத்து வாட்சைக் கழற்றிக் கிருபாகரன் கையில் கட்டினார்கள். கொரட்டூர் வரை ஓடி வந்து பார்த்தால், நூற்று நாற்பது சொச்சம். ஒரு குறையும் இல்லை.

"மீட்டரு நல்லாத்தான் கீது மாமே" என்றார் கிருபாகரன். சொன்ன பிறகுதான் அது என்ன அர்த்தம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அன்று அவர் பேசாமல் ஓடினார். அப்படி ஒரு நாள் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் அருள்தாஸ் வாட்சை வலது கையில் கட்டிக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன், கைய மாத்தல" என்றார். அதே தூரம், அதே வேகம். நூற்று முப்பத்தெட்டு. திரும்பி வரும்போது இடது கைக்கு மாற்றினார். நூற்று எழுபத்து நாலு.

"இன்னாடா இது, ஒரு ஆளுக்கு ரெண்டு ஹார்ட்டா?"

"லெப்ட்டு பீச்சாங்கை மாமே. அது வேற கட்சி."

இந்த விசித்திரம் அவரைப் பிடித்துக்கொண்டது. பயத்தைவிட ஆவல் பெரிதாகிவிட்டது. எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் இரண்டு எண்களையும் சொல்லிக் காரணம் கேட்டார். ஒருவர் வாயு என்றார். ஒருவர், இடது பக்கம்தானே இதயம், அதனால் அங்கே அதிகமாகத்தான் காட்டும் என்றார். அருள்தாஸ் அதைக்கூடக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

விடை ஒரு வீடியோவில் கிடைத்தது. கிருபாகரன் பின்னாலிருந்து சும்மா எடுத்தது. "உன் ஓட்டம் எப்டி கீதுன்னு நீயே பாரு, வாத்து தோத்துடும்" என்று காட்டுவதற்காக. அண்ணனூர் வீட்டில், சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எல்லோரும் பார்த்தோம். திரையில் அருள்தாஸின் வலது கை எல்லோருடையதையும்போல முன்னும் பின்னும் வீசியது. இடது கை வீசவில்லை. முழங்கை மடங்கி, இடுப்பு உயரத்தில் அசையாமல் நின்றது. விரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல் இறுகி, மணிக்கட்டு கீழே அழுந்தியிருந்தது.

அருள்தாஸ் நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். "கை வண்டி ஓட்டிகினு கீது" என்றார் மெதுவாக.

ரயில் ஓட்டும்போது அவருடைய இடது கை ஒரு கைப்பிடியின் மேல் இருக்கும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதைத்தான் திருப்ப வேண்டும். திருப்பினால் மட்டும் போதாது. வண்டி ஓடுகிற நேரமெல்லாம் அதைக் கீழே அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கை தளர்ந்தால் மின்சாரம் அறுந்து, தானாகவே பிரேக் பிடித்துவிடும். ஓட்டுகிறவருக்கு நடுவழியில் எதுவும் ஆகிவிட்டால் வண்டி நிற்பதற்கான ஏற்பாடு. டெட்மேன் என்று அவர்கள் அதைச் சாதாரணமாகச் சொல்வார்கள், நாம் குழாயைத் திருப்பு என்று சொல்வதைப்போல. இத்தனை வருடம் அமுக்கிய கை, கால்கள் ஓடத் தொடங்கியதும் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முஷ்டி இறுகும்போது மணிக்கட்டில் தசைநாண்கள் எழும்பி நிற்கும். வாட்சின் வெளிச்சத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவே அவை புகுந்துகொள்ளும். வாட்ச் தனக்குக் கிடைத்த குலுக்கலையெல்லாம் கூட்டி ஒரு எண்ணைச் சொல்லிவிடும்.

ஞானகுமாரி அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து பார்த்தார். "இதுக்கு வீடியோ எடுக்கணுமா? என்னைக் கேட்டா சொல்லியிருப்பேனே. தூங்குறப்பவும் அமுக்கிகினேதான் படுப்பாரு. உருண்டு பொரண்டாலும் அந்தக் கை மட்டும் விடாது. நம்ம ஊட்ல தலைகாணி எல்லாம் ஒரு பக்கம் தட்டையா கீது பாரு."

கண்டுபிடித்துவிட்டால் போதுமா, கை கேட்க வேண்டுமே. ஓடும்போது விரித்து வைத்துக்கொள்வார். நாலு பெஞ்சு போவதற்குள் அது தானாக மூடிக்கொள்ளும். இதற்கு வழி சொன்னவர் கிருபாகரன். "அக்கா, ஒரு சின்ன அப்பளம் பொரிச்சிக் குடு. கைல வெச்சிகினு ஓடட்டும். ஒடையாம எடுத்துகினு வரணும்." ஞானகுமாரி நிஜமாகவே பொரித்துக் கொடுத்தனுப்பினார்.

அந்த வாரம் ஏரிக்கரைக்கு வந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பெரிய உடம்புக்காரர் ஒருவர் இடது உள்ளங்கையில் அப்பளத்தை ஏந்திக்கொண்டு, உலகத்திலேயே மெல்லிய பொருளைக் கொண்டுபோகிற கவனத்தோடு ஓடினார். முதல் நாள் அது அண்ணனூரிலேயே பொடியானது. காகங்கள் வழியைத் தெரிந்துகொண்டன. "பின்னாடி வர்ற எனக்கு அப்பள மழை" என்றார் கிருபாகரன். ஒரு பெண்மணி நேர்த்திக்கடனா என்று கேட்டார். நாள் போகப்போக அப்பளம் அம்பத்தூரைக் கண்டது, பட்டரவாக்கத்தைக் கண்டது. கொரட்டூர்வரை முழுதாகப் போய்ச் சேர்ந்த அன்று வாட்ச் நூற்று முப்பத்தாறு காட்டியது, இடது கையில். அவர் அந்த அப்பளத்தை நாலாக உடைத்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். வியர்வை உப்பும் சேர்ந்திருந்தது, யாரும் சொல்லவில்லை. ஜெனிஷாவுக்கு வரைபடம் போயிற்று. பதிலுக்கு அவள் வரிசையாகக் கைதட்டல் படங்கள் அனுப்பினாள்.

அதன் பிறகு எந்த எண்ணைப் பார்த்தாலும் அவருக்குக் கவலை இல்லை. கூடினால் கை மூடியிருக்கும், குறைந்தால் திறந்திருக்கும். அவ்வளவுதான். மெடிக்கலைப் பற்றிப் பேசும்போது, ரோமம் எடுத்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "வரட்டும்" என்பார்.

மெடிக்கலுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வில்லிவாக்கம் வரை ஓடிவிட்டு வந்து, நான் இருந்த பட்டரவாக்கம் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார். மூச்செல்லாம் அடங்கிவிட்டது. உடையாத அப்பளம் உள்ளங்கையில் இருக்க, கையைத் தொடை மேல் விரித்து வைத்திருந்தார். நெமிலிச்சேரியில் ஒருமுறை தண்டவாளத்தில் எருமை நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது நவுரவே இல்ல. நான் ஹாரன் அடிக்கிறேன், அது என்னையே..."

கதை நின்றது. அவர் வாய் திறந்தபடி இருந்தது. வாட்ச் அதிர்ந்தது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இவ்வளவு துடிப்பு ஏன் என்று அது கேட்கும் எச்சரிக்கை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. கழுத்தோரம் சட்டைக் காலர் படபடவென்று துடித்ததை நான் பார்த்தேன். எழுந்து யாரையாவது கூப்பிடலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், எண் இறங்கிவிட்டது. படிப்படியாக அல்ல, சுவிட்சை அணைத்தது மாதிரி, ஒரேயடியாகத் தொண்ணூறுக்கு.

"நெஞ்சுல மீன் பொரண்ட மாதிரி" என்றார். இதை அவர் என்னிடம் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. பிறகு குனிந்து இடது கையைப் பார்த்தார். அது விரிந்துதான் இருந்தது. அப்பளம் ஒரு விரிசல்கூட இல்லாமல் அதன் மேல் இருந்தது.

அவர் அந்தக் கையை மெதுவாக மூடினார். நொறுங்கிய சத்தம் கேட்டது.

"கைய மூடிட்டேன்போல" என்றார், தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே. "அதான் ஏறிடுச்சு."

பெஞ்சுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பளம் முழுசா இருந்துச்சு மாமே."

கிருபாகரன் வழக்கம்போலப் பின்னால்தான் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அருள்தாஸ் திரும்பவில்லை. நான் ஏரியைப் பார்த்தேன்.

"இதுக்கு மின்ன வந்துகீதா?"

"ஒரு தபா. ரெண்டு தபா. வரும், போயிடும். ஒண்ணும் இல்லடா."

"வண்டில?"

அருள்தாஸ் குனிந்து ஷூ நாடாவை இறுக்கினார்.

"மாமே, வண்டிலயான்னு கேட்டேன்."

"வந்தா இன்னா இப்ப? எனக்கு எதுனா ஆனாலும் வண்டி நின்னுடும்டா. கை உட்டா பிரேக்கு. அதுக்குத்தான டெட்மேன் வெச்சிக்கிறான்."

கிருபாகரன் சுற்றி வந்து அவருக்கு முன்னால் நின்றார். அவரை அருள்தாஸுக்கு முன்னால் நான் பார்த்தது அன்றுதான்.

"கை உட்டாத்தான நிக்கும். உன் கை எங்க உடுது? தூக்கத்துலயே உடாதவன் நீ. அக்கா சொல்லுச்சுல்ல?" குரல் உயரவில்லை. "நீ மயங்கி உய்ந்தாலும் அது அமுக்கிகினேதான் இருக்கும் மாமே. பேசின் பிரிட்ஜ் வரிக்கும் போவும். நான் பின்னாடி குந்திகினு, மாமா இன்னிக்கு நல்லா ஓட்டறான்னு நெனச்சிகினு இருப்பேன்."

அருள்தாஸ் உள்ளங்கையில் ஒட்டியிருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். எல்லாம் போன பிறகும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைய வரைபடம் ஜெனிஷாவுக்குப் போகவில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொன்னாராம். மறுநாளிலிருந்து வாட்ச் இல்லாமல் வந்தார். அப்பளமும் இல்லை. "கிளியர்" சொல்லிவிட்டு ஓடினார். கிருபாகரன் நாலு அடி பின்னால் ஓடினார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கிருபாகரன் யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. ஏன் என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அவன் வண்டிம்மா. நான் மணி அடிச்சிட்டேன். எடுக்கறதும் நிறுத்தறதும் அவன்தான்" என்றார். அந்த நாள்களில் கையில் எதைச் செய்துகொண்டிருந்தாலும், ரயில் போகும் சத்தம் கேட்டால் ஓட்டுவது யாராக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

மெடிக்கல் அன்று நடந்தது கிருபாகரன் சொல்லித் தெரிந்தது. விடுப்பு போட்டுவிட்டுத் துணைக்குப் போயிருந்தார். ரயில்வே ஆஸ்பத்திரியின் நீண்ட பெஞ்சில் காலையிலிருந்து காத்திருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். கண்ணில், தூரத்து எழுத்தில் கடைசி வரியையும் அதற்குக் கீழே அச்சகத்தின் பெயரையும் அருள்தாஸ் படித்தாராம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் கூப்பிட்டார். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே இருந்து எல்லாம் தெரிந்தது.

டாக்டர் வயதில் சின்னப் பெண். ஈசிஜி தாளை மின்விசிறியில் பறக்காமல் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை விரலால் தடவிப் பார்த்தார். "ரன்னிங் போறீங்களா சார்? பல்ஸைப் பார்த்தாலே தெரியுது. நல்லா இருக்கு. வேற ஏதாவது தொந்தரவு?"

"இல்ல மேடம்."

முத்திரை குத்தும் சத்தம் கிருபாகரனுக்குக் கேட்டது. எழுந்து பையை மாட்டிக்கொண்டார். அருள்தாஸ் நாற்காலியை ஓசைப்படாமல் தள்ளிவிட்டு, நன்றி சொல்லி, கதவு வரை வந்தார். ஒரு கையால் கதவைப் பிடித்தார். கிருபாகரனை நேராக, முகத்துக்கு நேராகப் பார்த்தார். பிறகு கதவை விட்டுவிட்டு உள்ளே திரும்பிப் போனார்.

டாக்டர் அடுத்தவருடைய பெயரைக் கூப்பிட வாயெடுத்து நிறுத்தினார். அருள்தாஸ் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தேடினார், அவருக்குத் தேடத் தெரியாததால் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜெனிஷாவுக்கு அனுப்பாத அந்த நாளின் வரைபடம் கிடைத்ததும், நூற்றுத் தொண்ணூற்றிரண்டுக்கு எழும்பிய அந்த ஒற்றைச் செங்குத்துக் கோடு மட்டும் திரை முழுக்க நிற்கும்படி இரண்டு விரல்களால் அதைப் பெரிதாக்கினார். போனை டாக்டருக்கு நேராகத் தெரியும்படித் திருப்பி, முத்திரை குத்திய தாளின் மேல் வைத்து, ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார்.